அப்புச்சி மோட்டார் போட்டால் நின்றுபோகும் டிவி கேம்

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) தோட்டத்து வீட்டுக்குப் போன ஆனி மாதம் ஓடு மாற்றினார்கள். அட்டாலியில் கிடந்ததையெல்லாம் இறக்கி வாசலில் பரப்பியபோது, உடைந்த முறத்துக்கும் இரண்டு அரிக்கேன் விளக்குக்கும் அடியில் ஓர் உரச் சாக்கு இருந்தது. அதற்குள் எங்கள் டிவி கேம். மாமா அதைப் பழைய இரும்புக்காரரின் தராசுத் தட்டில் ஏற்றியே விட்டார். நான் இறக்கி எடுத்து, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் சாக்கோடு வைத்துப் பள்ளிபாளையத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

சாக்குக்குள் இருந்தவை: வெள்ளையாக இருந்து மஞ்சளாகிப்போன பெட்டி ஒன்று, ஜாய்ஸ்டிக் இரண்டு, துப்பாக்கி ஒன்று, கறுப்பு அடாப்டர் ஒன்று, கேசட் இரண்டு. கேசட் செருகும் வாயை முழுக்க அடைத்து ஒரு குளவி மண்கூடு கட்டியிருந்தது. பெட்டியைக் குலுக்கினால் உள்ளே ஏதோ உருண்டது. திறந்தபோது தெரிந்தது, பல்லி முட்டை ஓடுகள்.

இது வந்த கதையைச் சொல்லாமல் திறந்த கதையைச் சொல்ல முடியாது. மாமா அப்போது ரிக் வண்டியில் வேலை செய்தார். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆழ்துளைக் கிணறு போடாத மாநிலம் கிடையாது. மாமா ஒருமுறை போனால் ஆறு மாதம் ஆகும் திரும்ப. 1995இல் வைகாசித் தேருக்கு வந்தபோது டெல்லி பாலிகா பஜாரில் வாங்கிய இந்தப் பெட்டியை லுங்கியில் சுற்றிக் கொண்டுவந்தார். எனக்கு வயது ஏழு. பெரியம்மா மகன் அண்ணனுக்குப் பதினொன்று. வீட்டில் இருந்தது பதினான்கு அங்குலக் கறுப்பு வெள்ளை டிவி. கொடைக்கானல் நிலையத்தைப் பார்த்துத் திருப்பி வைத்த ஆன்டெனாவின் வயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேம் வயரைச் செருகி, சின்னக் கதவைத் திறந்து டியூனிங் திருகைத் திருகித் திருகி அண்ணன் படத்தைப் பிடித்தார். முதலில் புள்ளி மழை, பிறகு சாய்ந்த கோடுகள், பிறகு ஒரு நொடி மீசைக்காரன், மரியோ. திருகை விட்டுக் கையை எடுத்தால் மீசைக்காரன் போய்விடுவான். என் முதல் வேலை, அந்தத் திருகுக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அட்டையை மடித்துச் சொருகிப் பிடித்துக்கொண்டிருப்பது. ஆட்டம் கிடைத்தது மூன்றாம் நாள்தான்.

இனி வேலை.

அடியில் ஐந்து ஸ்க்ரூ. நான்கு வந்துவிட்டன, ஐந்தாவது துருவேறித் தலை வழுக்கியது. அதன்மேல் சூடான சாலிடரிங் அயர்னை அரை நிமிடம் வைத்து எடுத்துவிட்டுத் திருகினால் பிளாஸ்டிக் இளகி விட்டுக்கொடுத்தது. உள்ளே பழுப்பு நிறப் போர்டு. பிற்காலத்துப் பெட்டிகளில் எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பொட்டுக்குள் அடக்கிவிட்டார்கள். பொட்டு போனால் பெட்டி போச்சு. இது அதற்கு முந்தைய வகை. நாற்பது கால் சிப் இரண்டு, யூஏ6527பி, யூஏ6538 என்று தெளிவாக அச்சிட்டு நிற்கின்றன. இரண்டும் தைவானின் யூஎம்சி நிறுவனத்துச் சிப்புகள். நின்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் இறக்கிய ஃபேமிகாம் பெட்டியின் மூளையையும் கண்ணையும் நகலெடுத்தவை. முதலாவது கணக்குப் போடும், இரண்டாவது படம் வரையும். பக்கத்தில் ஆளுக்கு ஒன்றாக இரண்டு நினைவகச் சிப்புகள், ஒவ்வொன்றும் 2 கிலோபைட். இன்றைக்குக் குடும்பக் குழுவில் வரும் காலை வணக்கப் படம் ஒன்றுக்கு இதைப்போல ஐம்பது மடங்கு இடம் வேண்டும்.

குளவிக்கூட்டை ஈரப்படுத்தாமல் மூங்கில் குச்சியால் உதிர்த்தேன். தண்ணீர் தெளித்தால் மண் கரைந்து கால்களுக்கு நடுவே இறங்கும். பிறகு பெயின்ட் பிரஷ், பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பழைய பல்துலக்கி. செருகுவாயின் உள்ளே இரண்டு வரிசையாக அறுபது வில் தகடுகள் இருக்கின்றன, பிரஷ் போகாது. காலாவதியான ஏடிஎம் கார்டின்மேல் தறியில் மிஞ்சிய மெல்லிய காடாத் துணியை ஒரு சுற்றுச் சுற்றி, ஆல்கஹாலில் நனைத்துச் செருகி எடுத்தேன். சரியான இறுக்கம். முதல் துணி பச்சையாக வந்தது, நான்காவது வெள்ளையாகவே வந்தது.

இங்கேதான் ஒரு மடத்தனம் செய்தேன். பழைய அடாப்டரை நம்ப முடியாது என்று, மேசையில் கிடந்த செட்டாப் பாக்ஸ் அடாப்டரைச் செருகிவிட்டேன். முனை பொருந்தியது, அதனால் கை தானாகப் போய்விட்டது. இரண்டு நொடியில் சுட்ட வாசனை. பிடுங்கிவிட்டுப் பார்த்தால், இந்தப் பெட்டிக்கு முனையின் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். இன்றைய அடாப்டர்களில் பெரும்பாலும் அது தலைகீழ். போர்டின் ஓரத்தில் அலுமினியத் தகட்டோடு நின்று, உள்ளே வருவதை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் 7805 ரெகுலேட்டர் தன் உயிரைக் கொடுத்துச் சிப்புகளைக் காப்பாற்றியிருந்தது. பதினைந்து ரூபாய்ப் பாகம். சிப் போயிருந்தால் எத்தனை ஆயிரம் கொடுத்தும் அதே பெட்டி கிடைக்காது. பழைய பெட்டி எதற்கும் மின்சாரம் கொடுக்கும் முன் மீட்டரை வைத்து முனை பாருங்கள். மூடியில் சின்ன வட்டப் படம் போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள்.

புது 7805 போட்டு, பக்கத்தில் வயிறு உப்பியிருந்த மின்தேக்கியையும் (1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட்) மாற்றினேன். ரெகுலேட்டரின் வெளிக்காலில் 5.02 வோல்ட். விளக்கு எரிந்தது.

படத்தை ஆன்டெனா வழியாக எடுக்கும் பழைய முறையை விட்டுவிட்டேன். படத்தையும் ஒலியையும் ஆன்டெனா வயருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் தகர டப்பா ஒன்று உள்ளே இருக்கிறது. அதற்குள் போகும் மூன்று வயர்களில் ஒன்று வீடியோ, ஒன்று ஆடியோ, ஒன்று 5 வோல்ட். முதல் இரண்டையும் டப்பாவுக்கு முன்பே பிரித்து, பின்புறம் இரண்டு துளை போட்டு, மஞ்சள் சாக்கெட்டும் வெள்ளைச் சாக்கெட்டும் வைத்தேன். அரைமணி வேலை. பெட்டியின் மஞ்சள் நிறத்தை மட்டும் போக்கவில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்பது உண்மைதான். பிளாஸ்டிக் பழசாவதால் வரும் மஞ்சள் அது. ஆனால் ஈரோட்டைச் சுற்றி வாழ்கிற நமக்கு மஞ்சள்மேல் என்ன கோபம்?

கேசட் இரண்டில் ஒன்றின் மேல் 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளே இருப்பவை பத்துக்குள்தான். மீதி எல்லாம் அதே ஆட்டத்தை வேறு பெயரில், வேறு கட்டத்திலிருந்து தொடங்குபவை. இந்த மோசடியைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு கோடை முழுக்க ஆனது. அண்ணன் நோட்டுப் போட்டு வரிசையாக எழுதி 340 வரை போனார். இன்னொன்று கான்ட்ரா, இருவர் சேர்ந்து சுட்டுக்கொண்டே ஓடும் ஆட்டம்.

கேசட் வரவில்லை என்றால் ஊதுவோம் அல்லவா? ஊதிய பிறகு வந்தது ஊதியதால் அல்ல, கழற்றித் திரும்பச் செருகியதில் தகடுகள் வேறு இடத்தில் உரசியதால். எச்சில் ஈரம் செம்பில் பட்டுப் பட்டுப் பச்சை பூத்ததுதான் மிச்சம். எங்கள் கேசட்டின் வலது ஓரத்தில் நான்கு கால்கள் பச்சை. அண்ணன் எப்போதும் வலது கோடியிலிருந்துதான் ஊதத் தொடங்குவார், இப்போது அது ஆதாரத்தோடு கையில் இருக்கிறது. வெள்ளை அழிரப்பரால் ஒரே திசையில் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்தேன். இரண்டு கேசட்டும் முதல் செருகலிலேயே வந்தன.

மரியோ வந்ததும் நான் செய்த முதல் காரியம் வானத்தைப் பார்த்தது. நீலம். ஏழு வயதில் எனக்கு அது வெளிறிய சாம்பல். அப்போது அண்ணனிடம் ஒரு சண்டை போட்டிருக்கிறேன். தரையில் இருப்பவை புதர்கள் என்று அவர் சொல்வார். மேகம் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது, அதே மேகம்தான் என்று நான் சொல்வேன். கலர் டிவி வைத்திருந்த வகுப்புத் தோழன் ஒருவன் வந்து, கீழே இருப்பது பச்சை, மேலே இருப்பது வெள்ளை என்று தீர்ப்புச் சொல்லி என்னை வாயடைத்துவிட்டான். வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது: 1985இல் வந்த அந்த ஆட்டம் மொத்தமே 40 கிலோபைட், அதில் படங்களுக்கு 8 மட்டும். இடம் போதாமல் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே உருவத்தைப் போட்டு, நிறத்தை மட்டும் மாற்றினார்கள். கறுப்பு வெள்ளை டிவியில் பார்த்த நான்தான் சரியாகப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் இப்போதுதான் விளங்கியது. இணையத்தில் மரியோ பாட்டைக் கேட்கும்போதெல்லாம் யாரோ துரத்துவதுபோல இருக்கும். என் நினைவில் இருக்கும் பாட்டு நிதானமானது. வயதானதால் வரும் மயக்கம் என்று நினைத்திருந்தேன். ஜப்பான் பெட்டி நொடிக்கு 60 படம் வரையும். நம் நாட்டு டிவிக்கு ஏற்ற இந்த நகல் சிப்புகள் 50 படம் வரைகின்றன. ஆட்டத்தின் நடை, பாட்டின் தாளம், மூலையில் குறையும் கடிகாரம் எல்லாமே படத்தை எண்ணித்தான் நகர்கின்றன. ஆகவே எங்கள் மரியோ ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் மெதுவாக ஓடினான். சுருதி ஏறக்குறைய அதேதான், தாளம் மட்டும் தளர்வு.

கான்ட்ராவில் கலர் தந்தது வேறு அதிர்ச்சி. முதல் ஆட்டக்காரனுக்கு நீலக் கால்சட்டை, இரண்டாவதுக்குச் சிவப்பு. எங்கள் டிவியில் இருவரும் ஒரே சாம்பல். தங்கை என்பதால் எனக்கு எப்போதும் இரண்டாவது ஜாய்ஸ்டிக்தான். அருவிக் கட்டத்தில் இருவரும் குறுக்கும் நெடுக்குமாகக் குதிக்கும்போது ஒருவன் விழுந்தால், “செத்தது நீ” என்பார் அண்ணன். மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அழுத்தி ஆளுக்கு முப்பது உயிர் வாங்கி வைத்திருப்போம். திரையில் பதக்கங்கள் சிலதான் தெரியும் என்பதால் கணக்குப் பார்க்கவும் வழியில்லை. அவர் சொன்னதே கணக்கு.

ஜாய்ஸ்டிக்குக்கு வருவோம். எட்டுப் பொத்தான் என்றாலும் வயர் ஐந்துதான். பொத்தான்களின் நிலையை உள்ளே இருக்கும் சிப் வரிசையாக ஒரே வயரில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறது. இதிலிருந்து பழுது பார்ப்பவருக்கு ஒரு லாபம்: ஒரு பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ரப்பரைப் பாருங்கள், எல்லாமே வேலை செய்யவில்லை என்றால் வயரைப் பாருங்கள். முதல் ஜாய்ஸ்டிக்கில் வயர், பெட்டியோடு சேரும் இடத்தில் உள்ளுக்குள் அறுந்திருந்தது. இரண்டு அங்குலம் வெட்டித் திரும்பப் பற்றவைத்தேன். இரண்டாவதில், அதாவது என்னுடையதில், ஏ பொத்தான் மட்டும் செத்திருந்தது. ரப்பரின் அடியில் இருக்கும் கரித் திட்டை மீட்டரில் அளந்தால் பி பொத்தானுக்கு 300 ஓம், ஏ பொத்தானுக்கு 14 கிலோ ஓம். குதித்துக் குதித்துத் தேய்ந்திருக்கிறது. மெல்லிய பென்சிலால் கரி ஏற்றிப் பார்த்தேன், இரண்டு நாள்தான் தாங்கியது. பிறகு உடைந்த டிவி ரிமோட்டின் ரப்பரிலிருந்து ஒரு கரித் திட்டை வெட்டி ஒட்டினேன். நிற்கிறது.

துப்பாக்கி வேலை செய்யவில்லை, செய்யவும் செய்யாது. வாத்து சுடும் ஆட்டத்தில் விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடிப் பொழுதுக்குக் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கும். பழைய குழாய் டிவியின் வேகத்தை நம்பிச் செய்தது. புது டிவி படத்தைத் தாமதமாகத்தான் காட்டும், அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்திருக்கும். தரையில் வைத்துவிட்டேன்.

இப்போது அடாப்டர். தலைப்பில் சொன்ன விஷயம் இதுதான்.

அந்தத் தோட்டத்தில் கேம் விளையாடியவர்களுக்கு ஓர் எதிரி உண்டு: மும்முனை மின்சாரம். பகலில் அது வரும் சில மணி நேரத்துக்குள் கிணற்றுத் தண்ணீரை இறைத்துக் கடலைக்குப் பாய்ச்சிவிட வேண்டும். அப்புச்சி மோட்டார் ரூமுக்குப் போவார், பச்சைப் பொத்தானை அழுத்துவார், இங்கே டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கும், மரியோ குதித்த நிலையில் அந்தரத்தில் நின்றுவிடுவான், ஒரே சுருதியில் ஒரு முனகல் வரும். அவ்வளவுதான், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருநாள் கடைசி உலகமான எட்டாவது வரை போயிருந்தோம். வாழ்க்கையிலேயே முதல் தடவை. நின்றுபோனது. நான் வாசலுக்கு ஓடி அப்புச்சியைப் பார்த்துக் கத்தினேன். நான் இன்னும் போடவில்லை கண்ணு என்றார். நம்பவில்லை. அன்று இரவு அவர் தட்டில் சோறு போடச் சொன்னபோது போடாமல் எழுந்து போய்விட்டேன்.

பழைய அடாப்டரைத் திறந்தேன்: ஒரு டிரான்ஸ்பார்மர், நான்கு டையோடு, ஒரு மின்தேக்கி. வீட்டுக்கு அருகே மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேரியாக் (வோல்ட்டை வேண்டியபடி ஏற்றி இறக்கும் கருவி) இருக்கிறது, ஒருநாள் இரவல் கேட்டேன். டிவி கேமுக்கா என்று கேட்டுவிட்டுச் சிரிக்காமல் கொடுத்தார்கள். பெட்டியையும் அடாப்டரையும் மாட்டி, மரியோவை ஓடவிட்டு, வேரியாக்கைப் படிப்படியாகக் குறைத்தேன்.

230 வோல்ட்டில் அடாப்டர் கொடுத்தது 9.1. 7805க்கு உள்ளே வருவது, வெளியே தரவேண்டிய 5 வோல்ட்டைவிட ஏறக்குறைய 2 வோல்ட் அதிகமாக இருக்க வேண்டும், 9.1 தாராளம். 200இல் 7.8, பரவாயில்லை. 180இல் 7, விளிம்பு. 160இல் 6.2, ரெகுலேட்டரின் வெளிக்காலில் 4.4. திரையில் முதலில் செங்கற்கள் எழுத்தாக மாறின, பிறகு முனகல், பிறகு மரியோ அந்தரத்தில். அதே முனகல். முதுகுத் தண்டில் ஏதோ ஓடியது. வேரியாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடாப்டர் மின்தேக்கியை மாற்றியதில் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனாலும் நிரந்தரத் தீர்வாக 100 முதல் 240 வோல்ட் வரை எதிலும் ஓடும் புது 9 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் வாங்கி, அதன் முனையை வெட்டிப் பிளஸ், மைனஸை மாற்றிப் பற்றவைத்தேன். வேரியாக்கில் 120 வரை இறக்கினேன். மரியோ கண்டுகொள்ளவே இல்லை. எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 700 ரூபாய்க்குள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனேன். கிணறு வற்றிப் பல வருடம் ஆகிவிட்டது; இப்போது ஆழ்துளைக் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டார். மாமாவிடம் வேரியாக் விஷயத்தைச் சொல்லி, அப்புச்சி மோட்டார் போட்டதும் கேம் நின்றது ஏன் என்று இப்போது தெரிந்துவிட்டது என்று பெருமையாக விளக்கினேன். மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ஐயன் எங்கே போட்டார்?” என்றார். தன் அப்பாவை, அதாவது அப்புச்சியை, அவர் அப்படித்தான் சொல்வார்.

அந்த டிரான்ஸ்பார்மரில் பதினொரு மோட்டார்களாம். மின்சாரம் வந்த உடனே பத்துத் தோட்டத்துக்காரர்களும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட்டரை அழுத்துவார்கள். ஒரு மோட்டார் கிளம்பும்போது ஓடும் நேரத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். பத்தும் சேர்ந்து இழுத்தால் வீட்டு வயரில் என்ன மிஞ்சும்? ஐயன் மட்டும் பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாராம். வீட்டுப் பக்கம் காதை வைத்து, கட்டம் முடிந்து கொடிக்கம்பத்தில் மரியோ இறங்கும்போது வருகிற அந்தப் பாட்டு கேட்ட பிறகுதான் எழுந்து அழுத்துவாராம். அக்கம்பக்கத்தில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போது தன் வாய்க்கால் காய்ந்து கிடக்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மாமா திட்டியதும் உண்டாம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்புச்சி இறந்து பதினெட்டு வருடம் ஆகிறது.

சிறிது நேரத்தில் மும்முனை வந்தது. மாமா போய் மோட்டாரைப் போட்டார். திண்ணையில் இருந்த குண்டு பல்பு மங்கி, மெல்லத் தேறியது. டிவியில் மரியோ ஓடிக்கொண்டிருந்தான். கேசட்டை மாற்றிக் கான்ட்ராவைப் போட்டு, மாமா பேரனிடம் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்துவிட்டு முதலாவதை நான் வைத்துக்கொண்டேன். அருவிக் கட்டத்தை அலைபேசியில் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பினேன். சிவப்பும் நீலமும் தெளிவாகத் தெரியும் அந்தப் படத்தை இருபது நிமிடம் கழித்துத்தான் பார்த்தார். பதில் ஒரே வரி: நீலம் நான்தானே?